நாலாயிரம் படம், நாற்பது வீடு

கல்யாணம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் எங்கள் ஸ்டுடியோவிலிருந்து இரண்டு பொருள்கள் அந்த வீட்டுக்குப் போகும். ஒன்று, கனமான கரிஷ்மா ஆல்பம். இன்னொன்று, எடுத்த படங்கள் அத்தனையும் அடங்கிய ஹார்டு டிஸ்க் அல்லது பென்டிரைவ். ஆல்பத்தை வருகிறவர் போகிறவர் எல்லோரும் புரட்டிப் பார்ப்பார்கள். பென்டிரைவ் பீரோவுக்குள் நகைப்பெட்டி பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும். ஆல்பத்தில் ஏறியது 200 படம் என்றால் பீரோவுக்குள் போனது 4,000. பெண்ணுக்கு நலங்கு வைத்த அத்தை, ராத்திரி முழுக்கக் காய்கறி நறுக்கிய பெரியம்மா, சிங்கப்பூரிலிருந்து நாலு நாள் லீவில் வந்துபோன சித்தப்பா எல்லோரும் அந்த 4,000-க்குள்தான் இருக்கிறார்கள். அவர்கள் கைக்கு அவர்கள் படம் போய்ச் சேர்வதே இல்லை.

அருப்புக்கோட்டையில் அப்பா தொடங்கிய ஸ்டுடியோவை இப்போது நான் நடத்துகிறேன். அப்பா காலத்தில் ஒரு ரோலுக்கு 36 படம். ஐந்து ரோல் ஓடினால் ஒரு கல்யாணம் முடிந்தது. அந்த 180 படங்களையும் வீட்டில் எல்லோரும் பார்த்துவிடுவார்கள். தனக்கு ஒரு காப்பி வேண்டும் என்று நினைக்கிற உறவினர் கடைக்கு வந்து, இன்னார் வீட்டுக் கல்யாணம், இந்த நம்பர் நெகட்டிவ் என்று சொன்னால் போதும். அப்பா கவரைத் தேடி எடுத்துப் பிரிண்ட் போட்டுக் கொடுப்பார். கவரின் மேல் வீட்டுப் பெயர், தேதி, ஊர் எல்லாம் பேனாவால் எழுதியிருக்கும்.

இன்றைக்குப் படம் எடுக்கச் செலவில்லை. அதனால் படங்கள் பெருகிவிட்டன. ஆனால் அவற்றை நாலு பேருக்கு ஒழுங்காகக் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் உருவாகவில்லை. கல்யாணம் மட்டுமில்லை. குலதெய்வம் கோயில் கும்பாபிஷேகம், பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்களின் சந்திப்பு, காசி யாத்திரை, தாத்தா வீட்டுப் பழைய படங்களை ஸ்கேன் செய்து வைத்த தொகுப்பு என்று எதை எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான். படத்தில் இருக்கிறவர் தன் படத்தைத் தேடி எடுக்க முடிய வேண்டும், பெரிதாக்கிப் பார்க்க முடிய வேண்டும், பத்து வருடம் கழித்தும் அது அவரிடம் இருக்க வேண்டும். இந்த மூன்றும் நடந்தால்தான் படத்தைக் கொடுத்ததாக அர்த்தம். அதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று, தொழிலில் கற்றுக்கொண்டதை வைத்துச் சொல்கிறேன்.

பிரித்தால்தான் பார்ப்பார்கள்

4,000 படத்தையும் ஒரே ஃபோல்டரில் போட்டு அனுப்புவது, பந்தியில் இலை போடாமல் சோற்று அண்டாவைக் கொண்டுவந்து நடுவில் வைப்பது போல. யாரும் கை வைக்க மாட்டார்கள்.

இத்தனை படம் எப்படி வருகிறது? ஒரு கல்யாணத்தில் மூன்று கேமரா ஓடும். கெட்டிமேளம் ஒலித்துத் தாலி ஏறும் அந்த அரை நிமிடத்தில் பட்டனை அழுத்திய விரலை யாரும் எடுக்க மாட்டோம். நொடிக்கு ஏழெட்டுப் படம் விழும். ஒன்றில் மாப்பிள்ளை கண் மூடியிருப்பார், ஒன்றில் நாத்தனார் கை மறைத்திருக்கும், ஒன்றில் அட்சதை நேராக லென்ஸுக்கு முன்னால் விழுந்திருக்கும். இவற்றில் நல்லது இரண்டை எடுத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கினாலே 4,000 என்பது 1,500-க்கு வந்துவிடும். ஒதுக்குவது என்றால் அழிப்பது என்று நினைத்துவிடக் கூடாது. மூலப் படங்கள் அப்படியே இருக்கட்டும். மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டியதை மட்டும் வேறொரு ஃபோல்டரில் காப்பி எடுங்கள்.

அடுத்து, நிகழ்ச்சி வாரியாகப் பிரிக்க வேண்டும். பந்தக்கால், நலங்கு, மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், மேடை, பந்தி, மறுவீடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபோல்டர். பெயருக்கு முன்னால் 01, 02 என்று இரண்டு இலக்கத்தில் எண் போடுங்கள். எண் இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் எழுத்து வரிசைப்படி அடுக்கி, பந்தக்காலுக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவில் மறுவீட்டைக்கூடக் கொண்டுபோய் வைக்கும். ஒற்றை இலக்கத்தில் போட்டால் பல சாதனங்களில் 10 என்பது 2-க்கு முன்னால் போய் நிற்கும்.

இரண்டு மூன்று பேர் எடுத்த படங்களைச் சேர்க்கும்போது இன்னொரு சிக்கல் வரும். ஒவ்வொரு கேமராவும் தன் கடிகாரப்படி ஒவ்வொரு படத்துக்குள்ளும் நேரத்தைப் பதித்துவைக்கும். ஒரு கேமராவின் கடிகாரம் 20 நிமிடம் முந்தி ஓடினால், மாப்பிள்ளை மணவறைக்கு வருவதற்கு முன்பே தாலி கட்டிய படம் வந்து நிற்கும். செல்போனுக்கு இந்தக் கோளாறு பெரும்பாலும் இல்லை, அது நெட்வொர்க்கிலிருந்து நேரத்தை வாங்கிக்கொள்கிறது. கேமராக்காரர்கள் வேலை தொடங்கும் முன் மண்டபத்துச் சுவர்க் கடிகாரத்தை ஆளுக்கொரு படம் எடுத்துவைத்தால் போதும். எந்தக் கேமரா எத்தனை நிமிடம் தள்ளி ஓடுகிறது என்று பிற்பாடு தெரிந்துவிடும். டிஜிகேம் போன்ற இலவச மென்பொருளில் ஒரு கேமராவின் எல்லாப் படங்களுடைய நேரத்தையும் ஒரே தடவையில் நகர்த்திச் சரிசெய்யலாம்.

தேர்ந்தெடுக்கும்போது நான் விடாமல் பின்பற்றும் ஒரு கணக்கு உண்டு. வந்தவர்களில் ஒரு ஆள்கூட விட்டுப்போகாமல், ஆளுக்கு ஒரு படமாவது அந்த 1,500-க்குள் இருக்க வேண்டும். மேடையில் ஏறி மொய்க் கவரைக் கொடுத்துவிட்டு நின்றவர்கள் எல்லோரும் வரிசையாகக் கிடைத்துவிடுவார்கள். மேடை ஏறாதவர்களைத்தான் தேட வேண்டும். அவர்கள் பந்திப் படங்களில் இருப்பார்கள். சாப்பிடும்போது எடுத்த படம் வேண்டாம் என்று முதலில் கழிக்கிறவர்கள் உண்டு. பொறுமையாகப் பாருங்கள். வாயில் கவளம் இருக்கும் படத்தைத் தள்ளிவிட்டால், அடுத்ததில் பாயசம் வேண்டாம் என்று இலையின் மேல் கையை விரித்து மறைத்துக்கொண்டு, பரிமாறுகிற பையனை நிமிர்ந்து பார்த்துச் சிரிக்கும் பெரியப்பா இருப்பார். மேடையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு விறைப்பாக நின்ற படத்தைவிட, அவர் வீட்டில் அந்தப் படத்தைத்தான் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள்.

வாட்ஸ்அப்பில் இளைக்கும் படம்

நம் ஊரில் படம் அனுப்புவது என்றாலே வாட்ஸ்அப்தான். அனுப்பியது உடனே போகும், எல்லோரிடமும் இருக்கிறது, பாட்டிக்குக்கூடத் திறக்கத் தெரியும். ஆனால் அதில் சாதாரணமாக அனுப்பும் படம் வழியிலேயே இளைத்துவிடுகிறது. இதனால் எங்கள் கடையில் அடிக்கடி நடப்பதைச் சொல்கிறேன்.

ஒரு தம்பி வந்து நின்றார். "அக்கா, அப்பா தவறிட்டாங்க. வீட்டில தனியா நல்ல படம் ஒண்ணுகூட இல்ல. எங்க அத்தை மக கல்யாணத்தில நின்னாங்க, இதைப் பெரிசாக்கித் தர முடியுமா?" என்று போனை நீட்டினார். வாட்ஸ்அப்பில் வந்த குரூப் போட்டோ. மூன்றாவது வரிசையில் ஓரத்தில் அவர் அப்பா. பெரிதாக்கினால் கண்கள் இரண்டும் கருப்புத் திட்டு. நெற்றியில் மூன்று கோடாக இட்டிருந்த விபூதி ஒரே வெள்ளைத் தீற்றலாகத் தெரிந்தது. அதே படத்தின் மூலம் எங்கள் டிஸ்க்கில் இருந்தது. அதை எடுத்துப் பெரிதாக்கியபோது விபூதியின் மூன்று கீற்றும், மூக்குக்கண்ணாடியால் தழும்பேறிய இடமும், மழிக்காமல் விட்ட தாடையின் நரை முடியும் துலக்கமாக இருந்தன. தம்பி அதைத்தான் சட்டம் போட்டு எடுத்துப்போனார்.

இரண்டுக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் வெறும் கணக்கு. 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படம் நீளத்தில் 6,000 புள்ளிகளும் உயரத்தில் 4,000 புள்ளிகளும் கொண்டது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கம் சுமார் 1,600 புள்ளிக்குச் சுருங்கும். குரூப் போட்டோவில் ஒருவர் முகம் மூலப் படத்தில் 200 புள்ளி அகலம் இருந்தால், சுருங்கிய படத்தில் 50-க்குக் கொஞ்சம் மேல்தான் இருக்கும். சுவரில் மாட்டும் 12க்கு 18 அங்குல அளவுக்கு அச்சடித்தால் மூலப் படத்தில் அங்குலத்துக்கு 333 புள்ளி கிடைக்கும். சுருங்கியதில் 89. கண்ணுக்கு உறுத்தாமல் இருக்க அங்குலத்துக்கு 300 வேண்டும் என்பது அச்சுத் தொழிலில் வழக்கமான கணக்கு.

புள்ளிகள் குறைவது ஒரு பக்கம், அழுத்துவது இன்னொரு பக்கம். நாம் பயன்படுத்தும் ஜேபெக் முறை 1992-ல் தரப்படுத்தப்பட்டது. நம் கண் எளிதில் கவனிக்காத நுணுக்கமான நிற வேறுபாடுகளைக் கழித்துவிட்டு, அதன் மூலம் கோப்பைச் சிறிதாக்குகிறது. ஒரு தடவை கழித்தது திரும்ப வராது. படத்தை இறக்கி, வெட்டி, ஸ்டேட்டஸில் போட்டு, அதை இன்னொருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து மறுபடி அனுப்பினால் ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிந்துகொண்டே போகும்.

வாட்ஸ்அப்பிலேயே இதற்கு வழி இருக்கிறது. 2023-ல் எச்டி என்ற பொத்தானைக் கொண்டுவந்தார்கள். அதைத் தொட்டு அனுப்பினால் படம் இன்னும் பெரிதாகப் போகும், ஆனாலும் கொஞ்சம் அழுத்தித்தான் அனுப்புகிறது. மூலம் அப்படியே போக வேண்டும் என்றால், படத்தை 'கேலரி' வழியாக எடுக்காமல் 'டாக்குமென்ட்' என்ற வழியில் சேர்த்து அனுப்புங்கள். 2022-லிருந்து 2 ஜிபி வரை ஒரு கோப்பை இப்படி அனுப்பலாம். நாலைந்து படங்களை ஒரு வீட்டுக்கு அனுப்ப இதைவிடச் சுலபமான வழி இல்லை. ஆயிரக்கணக்கில் அனுப்பத்தான் இது சரிப்படாது.

லிங்க் கொடுப்பதற்கு முன்

பெரிய தொகுப்புக்கு இணையத்தில் ஓர் இடத்தில் ஏற்றி லிங்க் கொடுப்பதுதான் வழி. முதலில் இடக் கணக்கைப் பார்ப்போம். ஒரு கூகுள் கணக்குக்கு இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. மெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் அதைத்தான் பங்கிட்டுக்கொள்கின்றன. கேமராப் படம் ஒன்று 8 எம்பி என்று வைத்தால் 4,000 படத்துக்கு 32 ஜிபி வேண்டும். இலவச இடத்தில் பாதிகூட ஏறாது. போட்டோஸில் அளவு குறைத்து ஏற்றினால் எத்தனை படமும் இலவசம் என்று ஒரு காலத்தில் இருந்தது. 2021 ஜூன் 1-லிருந்து ஏற்றும் படங்களுக்கு அது இல்லை.

ஆகவே இரண்டு பிரதி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். ஒன்று மூலம், அது ஹார்டு டிஸ்க்கில் இருக்கட்டும். இன்னொன்று பகிர்வதற்கான பிரதி. தேர்ந்தெடுத்த 1,500 படங்களையும் நீளப் பக்கம் 2,048 புள்ளி இருக்கும்படி மொத்தமாகச் சுருக்குங்கள். பெரும்பாலான போட்டோ மென்பொருள்களில் இந்த வசதி உண்டு. ஒரு படம் 1 எம்பிக்குள் அடங்கும், மொத்தம் ஒன்றரை ஜிபி. போனில் பார்க்க இது தாராளம். 4க்கு 6 அங்குலப் பிரிண்ட் போடவும் 1,800 புள்ளி போதும் என்பதால் அதற்கும் பழுதில்லை. யாராவது பெரிதாகப் பிரேம் போட விரும்பினால் மூலத்திலிருந்து எடுத்துக் கொடுக்கலாம். அதற்கு ஒரே நிபந்தனை, இரண்டு பிரதியிலும் படத்தின் எண் மாறக் கூடாது. அப்பாவின் நெகட்டிவ் கவரில் இருந்த எண் செய்த வேலையைத்தான் இந்த எண்ணும் செய்யும்.

எங்கே ஏற்றுவது? கூகுள் போட்டோஸில் பகிரும் ஆல்பம் ஒன்றில் 20,000 படம் வரை சேர்க்கலாம். உறவினர்கள் தங்கள் போனில் எடுத்ததையும் அதில் போடும்படி அனுமதிக்கலாம். மேடைக்குப் பின்னால் குழந்தைகள் அடித்த லூட்டி எங்கள் கேமராவில் இருக்காது, மாமா பையன் போனில்தான் இருக்கும். கூகுள் டிரைவில் ஃபோல்டர் அடுக்கு அப்படியே நிற்கும், ஆனால் அதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லிங்க் கொடுக்கும்போது 'பார்ப்பவர்', 'திருத்துபவர்' என்று கேட்கும். 'திருத்துபவர்' என்று வைத்து லிங்க்கைக் குடும்பக் குரூப்பில் போட்டுவிட்டால், விவரம் தெரியாமல் ஒருவர் கை பட்டாலும் படங்கள் அந்த ஃபோல்டரைவிட்டுப் போகும். 'பார்ப்பவர்' என்றே வையுங்கள்.

லிங்க்கைக் குரூப்பில் போட்டதோடு வேலை முடிந்துவிடாது. மறுநாள் காலை வணக்கச் செய்திகளுக்கு அடியில் அது புதைந்துவிடும். வயதானவர்கள் லிங்க்கைத் தொடவே தயங்குவார்கள். தெரியாத லிங்க்கைத் தொடாதே என்று நாம்தானே சொல்லிவைத்திருக்கிறோம்! அதனால் இரண்டு காரியம் செய்யுங்கள். லிங்க்கை க்யூஆர் கோடாக்கி, சின்னச் சீட்டில் அச்சடித்து ஆல்பத்தின் உள்ளட்டையில் ஒட்டிவிடுங்கள். ஆல்பம் பார்க்க வருகிறவர்கள் போனைக் காட்டினால் மீதிப் படமும் திறக்கும். அதைவிட முக்கியமானது, சொந்தத்தில் இருக்கும் 40 வீட்டுக்கும் ஒரு பட்டியல் போடுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் அவர்கள் இருக்கும் நாலைந்து படத்தைப் பொறுக்கி, டாக்குமென்ட்டாகத் தனியே அனுப்புங்கள். "அத்தை, நீங்க நலங்கு வச்ச படம்" என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இதற்கென்று உட்கார வேண்டியிருக்கும். செய்தவர்கள் வீட்டில் அதற்குப் பிறகு வரும் போன்களைக் கேட்டுப்பாருங்கள்.

பெயர் எழுதாத படம்

எங்கள் கடை பரணில் அப்பா காலத்துப் பிரிண்டுகள் ஒரு பெட்டி இருக்கிறது, வாங்கிப் போகாதவை. பின்பக்கம் பெயர் எழுதியவற்றை உரியவர் வீட்டில் சேர்த்துவிட்டோம். எழுதாதவை அப்படியே கிடக்கின்றன. டிஜிட்டல் படத்துக்குப் பின்பக்கம் கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். இருக்கிறது.

கேமராவோ போனோ எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் எக்ஸிஃப் என்ற விவரப் பகுதி உண்டு. எடுத்த தேதி, நேரம், கேமராவின் பெயர், சில சமயம் எடுத்த இடம் எல்லாம் அதில் பதிந்திருக்கும். பத்திரிகைப் படங்களுக்காக உருவான ஐபிடிசி என்ற பகுதியில் தலைப்பு, விளக்கம், குறிச்சொற்கள் எழுதலாம். தமிழிலும் எழுதலாம். விண்டோஸ் கம்ப்யூட்டரில் படத்தின் மேல் வலது கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்', அதில் 'டீட்டெய்ல்ஸ்' என்று போனாலே தலைப்பு எழுத இடம் இருக்கும். டிஜிகேமில் ஐம்பது படங்களை ஒன்றாகத் தேர்ந்தெடுத்து ஒரே தடவையில் எழுதலாம். அப்படி எழுதியது படத்தின் கோப்புக்குள்ளேயே உட்கார்ந்து, காப்பி எடுக்கும் இடமெல்லாம் கூடவே போகும்.

இதில் இரண்டு எச்சரிக்கை. கூகுள் போட்டோஸ் செயலிக்குள் எழுதும் விளக்கம் படத்துக்குள் பதிவதில்லை, அந்தக் கணக்கோடுதான் நிற்கும். தொகுப்பை முழுசாக வெளியே எடுத்தால் எழுதியதெல்லாம் தனிக் கோப்புகளாக வரும். இரண்டாவது, வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில் எக்ஸிஃப் விவரம் கழிக்கப்பட்டுவிடும். அந்தக் கோப்பின் பெயரில் தெரியும் தேதி, படம் வாட்ஸ்அப்பில் போய்வந்த தேதி. தாத்தாவின் அறுபதாம் கல்யாணப் படத்தைப் போன வாரம் ஒருவர் அனுப்பினால், போன வாரம் எடுத்ததுபோல் போன் அடுக்கிவைக்கும்.

யார் யார் என்று எழுத வீட்டுப் பெரியவர்களைவிட்டால் ஆளில்லை. மேடைப் படங்களை டிவியில் போட்டு, பாட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒருவர் கேட்க ஒருவர் எழுதுங்கள். "இது யாரு பாட்டி?" என்றால் பெயர் மட்டும் வராது. "பந்தல்குடிக்காரர், உங்க தாத்தாவுக்குச் சின்னத் தாத்தா பேரன், பருத்தி வியாபாரத்தில நட்டப்பட்டு ஊரைவிட்டுப் போனவுக" என்று ஒரு குடும்ப வரலாறே வரும். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். பெயர் தெரியாதவர் இருந்தால் அந்தப் படத்தைக் குடும்பக் குரூப்பில் போட்டுக் கேளுங்கள், அரை மணியில் நாலு பேர் சொல்வார்கள்.

பெரிய நிறுவனங்களே இப்படிக் கேட்டிருக்கின்றன. அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் 2008 ஜனவரியில் தன் சேகரிப்பிலிருந்து சுமார் 3,000 பழைய படங்களை ஃப்ளிக்கர் தளத்தில் ஏற்றி, யாருக்கு என்ன தெரிந்தாலும் சொல்லுங்கள் என்று பொதுமக்களிடம் விட்டது. 1910-களின் செய்திப் படங்களும் 1930, 40-களின் வண்ணப் படங்களும் அதில் இருந்தன. படத்தில் இருப்பவர் யார், எந்தத் தெரு, எந்த வருடம் என்று மக்கள் தேடித்தேடி எழுதினார்கள். அந்த ஆண்டு அக்டோபருக்குள் 500-க்கும் மேற்பட்ட படங்களின் விவரத்தை நூலகம் தன் அட்டவணையில் திருத்திக்கொண்டது. அவ்வளவு பெரிய நூலகத்துக்கே தெரியாதது, பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நம் வீட்டுப் படத்துக்கும் அதே நியாயம்தான். கொடுத்தால்தான் விவரம் திரும்ப வரும்.

ஊருக்கே உரிய படங்களுக்கு வேறு இடம் இருக்கிறது. தேரோட்டம், பழைய கண்மாய்க் கரை, இடித்துவிட்ட சந்தைக் கட்டடம் போன்றவற்றை 2004-ல் தொடங்கிய, விக்கிப்பீடியாவுக்குப் படம் தரும் விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றலாம். அங்கே ஏற்றுவது நீங்களே எடுத்த படமாகவோ, பதிப்புரிமைத் தடை இல்லாத படமாகவோ இருக்க வேண்டும். ஏற்றிய பிறகு உங்கள் பெயரைச் சொல்லி உலகில் யார் வேண்டுமானாலும் அதைப் பயன்படுத்தலாம், கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெற முடியாது. இதைத் தெரிந்துகொண்டு மனமுவந்து கொடுங்கள். விக்கிப்பீடியாவில் நம் ஊர்ப் பக்கம் படமில்லாமல் இருந்தால் நம்மைத் தவிர வேறு யார் வந்து படம் கொடுப்பார்கள்?

எல்லோருக்கும் காட்டக்கூடாதவை

படத்தைக் கொடுங்கள் என்று இவ்வளவு வற்புறுத்தும் நானே, கொடுக்கக் கூடாத படங்களையும் சொல்லியாக வேண்டும்.

மஞ்சள் நீராட்டு விழாப் படங்களைப் பொது லிங்க்கில் போடாதீர்கள். எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண்ணின் படம் குரூப் குரூப்பாகப் போய், அவள் பள்ளித் தோழர்கள் போனில் வந்து நிற்கும்போது அவள் என்ன பாடுபடுவாள் என்று நினைத்துப் பாருங்கள். அந்தப் பிள்ளையிடம் கேட்டு, அவள் சரி என்ற படத்தை, அவள் சரி என்றவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள். குழந்தைகளைக் குளிப்பாட்டும் படங்கள், துக்க வீட்டுப் படங்கள், உடம்பு முடியாமல் படுத்திருப்பவரின் படங்கள் இவையும் அப்படித்தான். எங்கள் கடையில் இவற்றைத் தனி ஃபோல்டராக, வீட்டில் ஒருவர் கையில் மட்டும் கொடுப்பது வழக்கம்.

லிங்க் என்பது பூட்டு இல்லாத கதவு. அது யார் கையில் போனாலும் திறக்கும். ஓரிரு மாதம் கழித்து எல்லோரும் பார்த்தாகிவிட்டது என்று தெரிந்ததும் லிங்க்கை நிறுத்திவிடுங்கள். வீட்டில் போனில் எடுத்த படங்களில் இருப்பிட விவரம் பதிந்திருக்கலாம். மூலப் படத்தை அப்படியே அனுப்பும்போது வீடு எங்கே என்பதும் கூடவே போகும். போன் கேமராவின் செட்டிங்ஸில் இருப்பிடத்தை அணைத்துவைக்கலாம். கூகுள் போட்டோஸில் ஆல்பம் பகிரும்போது இருப்பிடத்தைக் காட்டாமல் இருக்கவும் வசதி உண்டு.

படம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியும் கடையில் வரும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 17-ஆம் பிரிவு, காசு கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது. வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தால்தான் அது மாறும். ஆகவே உங்கள் வீட்டுக் கல்யாணப் படத்தை ஸ்டுடியோக்காரர் விளம்பரத்துக்குப் போட வேண்டும் என்றால் உங்களைக் கேட்டுத்தான் போட வேண்டும். புக் செய்யும்போதே ஒப்பந்தத் தாளைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மூலப் படங்கள் முழுவதும் தருவார்களா, எத்தனை நாள் தங்களிடம் வைத்திருப்பார்கள் என்பதையும் அப்போதே கேளுங்கள்.

இடம் மூடினால் படம் என்னாகும்?

இணையத்தில் ஏற்றிவிட்டோம், இனிக் கவலையில்லை என்று இருக்க முடியாது. நம்மில் பலர் கல்லூரிப் படங்களைப் போட்டுவைத்திருந்த ஆர்குட் 2014 செப்டம்பரில் மூடப்பட்டது. படங்களைச் சேர்த்துவைக்கும் பிகாசாவை 2016-ல் கூகுள் நிறுத்தியது. ஃப்ளிக்கரில் 2013-ல் ஒரு டெராபைட் இலவசம் என்றார்கள், 2018-ல் கைமாறிய பிறகு இலவசக் கணக்குக்கு 1,000 படம்தான் என்று சுருக்கினார்கள். இரண்டு வருடம் யாரும் திறக்காத தனிநபர் கணக்கைப் படங்களோடு சேர்த்து நீக்கலாம் என்று கூகுள் 2023-ல் விதி கொண்டுவந்தது. அப்பா கணக்கில் குடும்பப் படம் அத்தனையும் இருந்து, அவர் காலத்துக்குப் பின் யாரும் திறக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 என்ற கணக்கைத்தான் இந்தத் தொழிலில் நாங்கள் பிடித்துக்கொண்டிருக்கிறோம். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு ஊரில். உங்கள் வீட்டுக்கு இதைச் சுலபமாகச் செய்யலாம். ஒரு ஹார்டு டிஸ்க் உங்களிடம், இன்னொன்று சென்னையிலோ திருப்பூரிலோ இருக்கும் அண்ணன் வீட்டில், மூன்றாவது இணையத்தில். பென்டிரைவை எடுத்துக்கொண்டுபோய்க் கொடுக்க மட்டும் பயன்படுத்துங்கள், வருடக்கணக்கில் சேமித்துவைக்க அது ஏற்றதல்ல. வருடத்துக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு வீடு கூடும்போது ஹார்டு டிஸ்க்கைச் செருகி நாலு படத்தைத் திறந்து பாருங்கள். இயங்காத டிஸ்க்கை அன்றைக்கே மாற்றலாம்.

டிவியில் போட்டுப் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. எஃப்ஏடி32 முறையில் உள்ள பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு ஏறாது, கல்யாண வீடியோ பாதியில் நின்றால் பெரும்பாலும் காரணம் அதுதான். எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் சரியாகும், உங்கள் டிவி அதைப் படிக்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐபோன்கள் 2017-லிருந்து படத்தை ஹெய்க் என்ற வடிவத்தில் சேமிக்கின்றன. பல டிவிகளில் அது திறக்காது. ஜேபெக்காக மாற்றிக் கொடுங்கள். போனோ டிவியோ பழகாத பெரியவர்களுக்கு முப்பது நாற்பது பிரிண்ட் போட்டு, பின்பக்கம் பெயர் எழுதி, சின்ன ஆல்பமாகக் கையில் கொடுங்கள். அதற்கு மின்சாரமும் வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம்.

ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும்

இத்தனை வேலையையும் எல்லோரும் சேர்ந்து செய்யலாம் என்று விட்டால் நடக்காது. ஒவ்வொரு குடும்பத்திலும் குலதெய்வம் கோயில் வரிப் பணத்துக்குக் கணக்கு வைக்க ஒருவர் இருக்கிறார். படங்களுக்கும் அப்படி ஒருவர் வேண்டும். அவர் இளைஞராக இருந்தால் நல்லது, அவருக்கு அடுத்து யார் என்பதும் இப்போதே தெரிந்திருந்தால் இன்னும் நல்லது. டிஸ்க் எங்கே இருக்கிறது, எந்தக் கணக்கில் ஏற்றியிருக்கிறது, பாஸ்வேர்டு என்ன என்பதை ஒரு தாளில் எழுதிப் பத்திரத்தோடு பத்திரமாக வையுங்கள். கூகுளில் 'இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்' என்ற வசதி உண்டு. நாம் நீண்ட நாள் கணக்கைத் திறக்காவிட்டால் நாம் குறித்துவைத்த ஆளுக்கு அந்தப் படங்கள் கிடைக்க அதில் ஏற்பாடு செய்யலாம்.

எங்கள் கடைக்கு வருகிறவர்களிடம் பென்டிரைவைக் கொடுக்கும்போது இப்போதெல்லாம் நான் கேட்பது இது ஒன்றைத்தான்: "உங்க வீட்டில இதை யார் பாத்துக்கப் போறாங்க?" ஒரு பெயரைச் சொன்னால், அந்தப் பெயரைப் பென்டிரைவ் கவரின் மேல் எழுதி, அவர் போன் நம்பரையும் வாங்கிக்கொள்கிறேன். யார் என்று தெரியவில்லை என்றால், வீட்டில் பேசி முடிவுசெய்துவிட்டு வந்து வாங்கிக்கொள்ளச் சொல்கிறேன். இதுவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை. உங்கள் வீட்டுப் பீரோவிலும் ஒரு பென்டிரைவ் இருக்கும். அதை வெளியே எடுத்து, முதலில் உங்கள் அத்தையின் படத்தைத் தேடி அனுப்புங்கள். மீதி 39 வீட்டை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.